சவுங்தகாவின் பின்மனம்

ஊ பான் ஞோவை வெறுமனே 'ஊ பான் ஞோ' என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. காதில் கோளாறு ஒன்றும் இல்லை. கடலை எண்ணெய் ஆலை கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் எந்த ஆள் வேலையை விட்டுவிட்டு வெற்றிலை மடிக்கிறான் என்று கண்டுபிடிக்கிற காது அது. ஆனால் பேருக்கு முன்னால் 'சவுங்தகா' என்று ஒரு வார்த்தை போடாவிட்டால் அடைத்துக்கொள்ளும். சவுங் என்றால் மடம், தகா என்றால் கொடுத்தவர். ஐராவதிக் கரையில் இருக்கிற பக்கோக்கு ஊரில் பிக்குகளுக்கு ஒரு மடம் கட்டிக் கொடுத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் சாகிறவரை அந்தப் பட்டம் பேரோடு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள், சாவு அறிவிப்பில் போடுவார்கள். எத்தனையோ பேர் மடம் கட்டியிருக்கிறார்கள், பட்டமும் வாங்கியிருக்கிறார்கள். வெற்றிலைக் கடையில் நின்றுகொண்டு பட்டம் சொன்னால்தான் திரும்புவேன் என்று முரண்டு பிடித்தவர் இவர் ஒருவர்தான்.

எதிர்வாடையில் வெற்றிலைக் கடை வைத்திருந்த டோ செயின் பு அதற்காகவே வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, நாலாம் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மடத்தைக் கட்டினதுல காதும் சேர்ந்து கட்டிக்கிச்சு போல" என்பாள். அவர் சுண்ணாம்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டே வெற்றிலையை வாங்கிக்கொண்டு போவார்.

அந்த டோ செயின் புவிடம் கேட்டால் அவருடைய பக்தியின் பூர்வோத்திரம் முழுக்கத் தெரியும். பத்து வயதில் அவரை இளம் பிக்குவாக்கினார்கள். பட்டுடுத்தி, குதிரையில் ஏற்றி, தங்கக் காகிதம் ஒட்டிய குடை பிடித்து ஊர்வலம் விட்டார்கள். அப்புறம் தலையை மழித்துக் காவி கட்டி ஒன்பது நாள் மடத்தில் விட்டார்கள். நடுப்பகல் தாண்டினால் ஒரு பருக்கைகூட வாயில் போடக் கூடாது என்பது மடத்து விதி. நாலாம் நாள் பிற்பகல், மடைப்பள்ளிக்குப் பின்னால் பழைய சோற்றில் மீன் விழுதைப் பிசைந்து அடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். பார்த்தவன் டோ செயின் புவின் அண்ணன், அவனும் கூடவே மழித்துக்கொண்டவன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பசித்தது, தின்றது, அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் ஐம்பது வயதில் தர்ம மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் காவி கட்டியிருந்த ஒன்பது நாளும் பசின்னா என்னன்னே எனக்குத் தெரியலை" என்று பேச எவ்வளவு தடித்த தோல் வேண்டும்.

பக்கோக்கு படித்த பிக்குகளின் ஊர். திரிபிடகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் நடமாடுவார்கள். அந்தக் காற்றிலேயே போதனை கலந்திருக்கும்போது ஊ பான் ஞோவும் நிறைய மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பெற்றோருக்கு ஐந்து கடமை, முதலாளிக்கு ஐந்து கடமை, இல்லறத்தானுக்கு இத்தனை விதி என்று விரல் விட்டுச் சொல்வார். வேலைக்காரனுக்கு அவன் சக்திக்குத் தக்க வேலை கொடு, நோய் வந்தால் பார்த்துக்கொள், நேரத்தில் வீட்டுக்கு அனுப்பு என்று புத்தர் பெருமான் சொன்னதை அவர் மண்டபத்தில் ராகத்தோடு ஒப்பிப்பார். மறுநாள் ஆலையில் ஒருவன் குளிர்ஜுரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால், "உடம்புன்னு ஒண்ணு இருந்தா நோவு இருக்கத்தாண்டா செய்யும். பகவானே சொல்லியிருக்கார். மூட்டையை இறக்கு" என்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடைய சுரைக்காய் மற்றவன் மண்டையில் போடத்தான் உதவியது.

எல்லாவற்றையும்விட அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட போதனை மூன்று மனங்களைப் பற்றியது. தானம் கொடுக்கிறவனுக்குக் கொடுக்குமுன் மனம் மகிழ்ந்திருக்க வேண்டும், கொடுக்கும்போது மகிழ்ந்திருக்க வேண்டும், கொடுத்த பின்னும் மகிழ்ந்திருக்க வேண்டும். முன்மனம், நடுமனம், பின்மனம். மூன்றில் ஒன்று கோணினாலும் புண்ணியம் குறையும். இது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அழகான போதனை. கொடுக்கிறவன் தன் மனத்தைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஊ பான் ஞோ அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். அவருடைய மனத்தை மகிழ்ச்சியாக வைத்திருப்பது அடுத்தவர்கள் பொறுப்பு என்று முடிவு கட்டிவிட்டார்.

மடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து வீட்டில் அடக்குமுறை ஆரம்பமாயிற்று. குழம்பில் உப்புக் குறைந்தால் முன்மனம் கெட்டுவிடும். ஆலைக்காரன் லீவு கேட்டால் கெட்டுவிடும். மனைவி டோ லா யின் தன் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போய்வருகிறேன் என்றால் கெட்டுவிடும்.

"பிக்கு சங்கத்துக்குக் குடுக்கப் போற மனசு இது. இதுல ஒரு கீறல் விழுந்தாலும் அந்தப் பாவம் உனக்குத்தான். யோசிச்சுக்கோ" என்பார்.

டோ லா யின் யோசித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நரகத்துக்குப் பயந்தா, அவர் தொண்டைக்குப் பயந்தா என்று அவளுக்கே தெரியாது. மூன்று வருஷம் கட்டினார்கள். மூன்று வருஷமும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், நுவே யீ. அப்பாவிடமிருந்து மூக்கைத் தவிர வேறொன்றையும் வாங்கிக்கொள்ளாத பெண். உபோசதம் என்கிற விரத நாட்களில் ஆற்றோரத்துச் சீலப் பெண்கள் மடத்துக்குப் போய்ப் பாலி படித்தாள். சீலப் பெண்கள் என்றால் தலையை மழித்து, இளஞ்சிவப்பு அங்கி போட்டு, பழுப்புத் துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு விரதத்திலேயே வாழ்கிறவர்கள். அங்கே படித்துத்தான் இல்லறத்தாருக்கான அபிதம்மத் தேர்வில் அவள் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். அந்தச் சான்றிதழை ஊ பான் ஞோ சட்டம் போட்டு ஆலையில் எடைத் தராசுக்கு மேலே மாட்டினார். வருகிறவனிடமெல்லாம், "என் ரத்தம்" என்பார்.

மடம் கூரை மட்டத்துக்கு வந்த சமயம், ஒரு காலை மோகிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எதிரில் நுவே யீ வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் தலையை மழிச்சுச் சீலம் எடுத்துக்கலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு சொல்லணும்."

மீன் குழம்பு தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"பெத்தவனுக்கு அஞ்சு கடமை. கெட்டதுல போகாம தடுக்கணும். நல்லதைக் காட்டணும். கல்வி குடுக்கணும். கல்யாணம் பண்ணி வைக்கணும். காலத்துல சொத்தைக் குடுக்கணும். நாலாவதை நான் செய்யலைன்னா பகவான் சொன்னதை மீறினவன் ஆவேன். இதைத்தான் நீ வேணுங்கிறியா?"

"ரெண்டாவது, நல்லதைக் காட்டறதுதானேப்பா. அதோட நிறுத்திக்கலாமே."

"எனக்கே விரல் எண்ணிக் காட்டறியா? மடம் முடியற வரைக்கும் இந்தப் பேச்சு கூடாது. என் முன்மனம் கெடும்."

அவள் எழுந்து போனாள். அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சீலப் பெண்கள் மடத்துத் தலைவி கறாரானவள். "பெத்தவங்க ரெண்டு பேரும் வாயால சரின்னு சொல்லணும். அப்பத்தான் நான் கத்தியை எடுப்பேன்" என்று சொல்லியிருந்தாள். அம்மா எப்போதோ தலையாட்டிவிட்டாள். அப்பாவின் ஒரு வார்த்தைதான் பாக்கி. அந்தப் பக்கம் மரவாடிக்காரர் மகனுக்கு அவளைக் கொடுப்பதாக ஊ பான் ஞோ பேசி வைத்துவிட்டார். மடத்துத் திறப்பு விழா முடிந்த அடுத்த மாதம் நிச்சயம்.

அவருடைய உண்மையான சங்கடம் கடமையும் இல்லை, விரலும் இல்லை. அதை மனைவியிடம்தான் கொட்டினார்.

"அந்தச் சீலப் பெண்ணுங்க தலையில தட்டை வச்சுக்கிட்டு வாசல் வாசலா பச்சரிசிக்கு நிக்குதுங்க. காதல்ல தோத்தவளும் கஞ்சிக்கு இல்லாதவளும் போற எடம்னு ஊர்ல பேச்சு. சவுங்தகா மக தட்டைத் தூக்கினா என் பேர் என்னாகும்?"

"பிக்குங்களும் வாசல் வாசலா நிக்கிறாங்களே. அவங்களுக்குத்தானே மடம் கட்டறீங்க?"

"அது வேற. அவங்க ஆம்பளைங்க."

"அரிசிக்கு அதெல்லாம் தெரியுமா?"

"பாத்தியா, பாத்தியா, முன்மனத்தைக் கெடுக்கற" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். டோ லா யின் எண்ணெய் சுட வைத்துக் கொண்டுவந்து தடவினாள். அன்றைக்கு அவளுக்கு வந்த வெறுப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மழைக்கால நோன்பு முடிந்து, வானம் வெளுத்தபின் திறப்பு விழா. இரண்டு மாடிச் செங்கல் மடம், பச்சைத் தகரக் கூரை, முகப்பில் சலவைக்கல்லில் அவர் பேர். புத்தர் பெருமானின் திருவுருவத்துக்கு மேலே இருந்த எழுத்தைவிட அவர் பேர் எழுத்து அரை விரற்கடை பெரிசு என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. நாலு ஊருக்கும் கேட்க ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார்கள். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோழிக்கறி, புளித்தேயிலைக் கலவை, பலகாரம் எதற்கும் குறைவில்லை. அதை இல்லையென்று சொன்னால் தின்ற வாய் அழுகிவிடும்.

தானம் முடிகிறபோது தண்ணீர் வார்ப்பது வழக்கம். கொடுத்தவர் கையில் குடுவையை எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் வார்க்க வேண்டும், பிக்குகள் ஓத வேண்டும். பூமாதேவி சாட்சி. வார்த்து முடித்தபின் அந்தப் புண்ணியத்தை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்ததாகச் சொல்வார்கள். கேட்டவர்கள் மூன்று தரம் "சாது" என்பார்கள். சாது சொன்னவனுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் வார்க்கும்போது சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற தைரியம் அந்த நாட்டில் களவாணிக்கும் கிடையாது.

ஊ பான் ஞோ குடுவையைக் கையில் எடுத்தார். பேசாமல் வார்த்திருக்கலாம். ஆனால் வாய்க்கு எதிரே ஒலிபெருக்கி இருந்தது, எதிரில் முந்நூறு தலை இருந்தது. நாக்கு நிற்குமா?

"இந்த மடம் எனக்குப் பெரிசில்லை, ஐயா. சாசனத்துக்கு, பகவானோட தர்மத்துக்குன்னு கேட்டா எதையும் குடுப்பேன். என்னதுன்னு நான் எதையும் பிடிச்சு வச்சுக்கிட்டது இல்லை. சொத்து, சுகம், பெத்த பிள்ளை, எல்லாம் சாசனத்துக்குத்தான்" என்றார். சொல்லிக்கொண்டே தண்ணீரை வார்க்க ஆரம்பித்தார்.

மேடையில் இருந்த சயாடோ எண்பது வயதுப் பெரிய பிக்கு. பாதி விழா தூங்கிக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்தார்.

"பிள்ளையையுமா?" என்றார்.

"ஆமா, ஐயா" என்றார் ஊ பான் ஞோ. ஒலிபெருக்கி அதை ஐராவதி ஆறு வரை கொண்டுபோனது.

பெண்கள் வரிசையிலிருந்து நுவே யீ எழுந்தாள். முட்டியாலேயே நகர்ந்து வந்து அப்பாவின் பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்தாள்.

"அப்ப என்னையும் குடுத்துடுங்கப்பா. நான் சீலம் எடுத்துக்கறேன்."

தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதுதான் நடுமனம். இங்கே கோபப்பட்டால் மூன்று வருஷத்துச் செங்கல்லும் தகரமும் வீண். ஊ பான் ஞோவின் கழுத்து நரம்பு புடைத்ததை முன்வரிசை முழுக்கப் பார்த்தது. மகளைப் பார்த்தார், சயாடோவைப் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் ஊர் கண்டது.

"சரி" என்றார்.

"சாது" என்றார் சயாடோ. முந்நூறு பேரும் மூன்று தரம் சொன்னார்கள். எல்லாருக்கும் முந்திக் கேட்டது டோ லா யின் குரல்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் ஆடினார் பாருங்கள் ஒரு ஆட்டம். தட்டு பறந்தது, வெற்றிலைப் பெட்டி பறந்தது. "சபையில என் கழுத்தைப் பிடிச்சுட்டா. அது நான் சொன்ன சொல்லே இல்லை. ஒலிபெருக்கிக்காகச் சொன்னது" என்றார்.

"தண்ணி வார்த்தாச்சு" என்றாள் டோ லா யின்.

"என் பின்மனம் கெடுது, லா யின்."

"கோபப்படறது நீங்க. கெடுக்கறதும் நீங்கதான்."

முப்பது வருஷத்தில் அவர் மேல் குற்றம் சொல்லி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்சம் அடங்கினார். அடங்கி உட்கார்ந்து யோசித்ததில், இதிலும் ஒரு லாபம் இருப்பது தெரிந்தது. மறுநாள் மரவாடிக்காரர் வீட்டுக்குப் போய், "சாசனத்துக்குக் குடுத்துட்டேன். பெத்த பாசத்தை அறுத்துட்டேன்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் மகளுக்கு ஒரு நிபந்தனை போட்டார். இந்த ஊர் மடத்தில் இருக்கக் கூடாது. தூரத்துச் சகாய்ங் மலையில் இருக்கிற சீலப் பெண்கள் மடத்துக்குப் போய்விட வேண்டும்.

நுவே யீ சகாய்ங் போனாள். தலையை மழித்துச் சுசாரி என்று பேர் வைத்தார்கள். இரண்டு வருஷம் படித்தாள். இந்த இரண்டு வருஷத்தில் ஊ பான் ஞோவின் வாயில் அவள் எங்கெங்கேயோ உயர்ந்துவிட்டாள். சகாய்ங்கில் அவளுக்குத் தனிக் கட்டடமாம். அவளிடம் படிக்க நாலு மாகாணத்திலிருந்து வருகிறார்களாம். "அங்கெல்லாம் தட்டைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிற பழக்கமே இல்லை. தானமே மலையேறி வரும்" என்பார். டோ செயின் பு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "மலை ஏறி வந்த அரிசியா, நல்லா வெளுப்பா இருக்கும்" என்பாள்.

மூன்றாம் வருஷம் ஆற்றோரத்து மடத்துத் தலைவி பக்கவாதத்தில் விழுந்தாள். அங்கிருந்த சின்னப் பெண்களுக்குப் பாடம் சொல்ல ஆள் இல்லை. சுசாரி புறப்பட்டு வந்துவிட்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய காலம்தான் முடிந்துவிட்டதே. வந்த மூன்றாம் நாள் டோ லா யின் போய்ப் பார்த்தாள். மகளுக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டு, "சயாலே, சௌக்கியமா இருக்கீங்களா" என்று கேட்டாள். சீலப் பெண்களைச் சயாலே என்றுதான் கூப்பிட வேண்டும், பெற்றவளானாலும். சுசாரி, "அப்பா எப்படி இருக்கார்" என்றுதான் முதலில் கேட்டாள்.

வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது ஊ பான் ஞோ, "நம்ம தெருப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லு" என்றார்.

"நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள் அவள்.

சொல்லப் போகவில்லை. உபோசதத்துக்கு முந்தின இரண்டு நாளும்தான் சீலப் பெண்கள் அரிசிக்கு வருவார்கள். அந்த நாட்களில் ஆலைக்கு விடியுமுன் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார்.

அவர் கணக்கில் மக்வேயிலிருந்து ஊ ஓன் ஷ்வே வருவார் என்பது இல்லை. மக்வேயில் மடம் கட்டியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் தலைவர் அவர். பக்கோக்குக் கிளைக்கு ஊ பான் ஞோவைத் தலைவராகப் போடலாமா என்று பார்க்க நேரில் வந்துவிட்டார். வந்த நாள் உபோசதத்துக்கு முதல் நாள். வாசல் கதவை அகலத் திறந்து, முன்னறையில் பாய் விரித்து, புளித்தேயிலையும் பச்சைத் தேநீரும் வைத்து உபசாரம் நடந்தது.

"ஒரே மகளைச் சாசனத்துக்குக் குடுத்தவர்னு கேள்விப்பட்டேன்" என்றார் ஊ ஓன் ஷ்வே. நல்ல மனுஷர், உண்மையாகவே கண் கலங்கிச் சொன்னார். "எனக்கெல்லாம் அந்த மனசு வராதுங்க. மடம் கட்டிடலாம். பெத்த பிள்ளையை விட முடியுமா?"

"பற்றை அறுக்கணும்னா எங்கயாவது ஒரு எடத்துல கத்தி வைக்கத்தானே வேணும்" என்றார் ஊ பான் ஞோ, கண்ணை மூடிக்கொண்டு. "சகாய்ங்ல இருக்காங்க. பெரிய எடம். கீழே எறங்கி வரவே நேரம் கிடையாது."

சொல்லி வாயை மூடவில்லை, தெருக்கோடியில் பெண் குரல்கள் சேர்ந்து ஓதுவது கேட்டது. எட்டுப் பேர் இளஞ்சிவப்பில் வரிசையாக வந்தார்கள். முன்னால் வருகிறவள் உயரமாக இருந்தாள். தலையில் தட்டு, கையில் ஒரு மூங்கில் குடை. மூக்கு அப்பாவின் மூக்கு. வெயிலில் நடந்து முகம் கன்றியிருந்தது.

வரிசை வாசலில் வந்து நின்றது. வழக்கம்போல் ஓதினார்கள். இந்த வீட்டிலிருப்பவர்கள் பகையில்லாமல் இருக்கட்டும், நோவில்லாமல் இருக்கட்டும், சுகமாக இருக்கட்டும். சுசாரி கண்ணைத் தாழ்த்தித்தான் நின்றாள். எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரியாதவள் இல்லை. வரிசையில் எந்த வீட்டையும் தாண்டக் கூடாது என்பது அவர்கள் விதி. பெற்ற வீட்டுக்கு அதில் விலக்கு இல்லை.

உள்ளே டோ லா யின் சத்தம் கேட்டு அரிசிப் பானையில் கையை விட்டாள். முன்னறையில் ஊ ஓன் ஷ்வே கையைக் கூப்பிக்கொண்டு, வீட்டுக்காரர் அரிசி எடுத்துவர எழுந்திருப்பார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போனால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் பெரிய இடமும் தனிக் கட்டடமும் மலையேறி வந்த அரிசியும் அந்தப் பாயிலேயே கிழியும். கொடுக்க முடியாதவர்கள் சொல்லும் மரியாதையான வார்த்தை ஒன்று உண்டு. வீட்டில் ஒரு குன்றிமணி அரிசி இல்லாதவன் சொல்வது. தலைமுறைக்கு மூட்டை அடுக்கி வைத்திருந்த மனுஷர் அதைச் சொன்னார்.

"கும்பிட்டுக்கறோம், சயாலே. அடுத்த வீடு பாருங்க."

சுசாரி தலையை நிமிர்த்தவில்லை. முகம் மட்டும் ஒரு தரம் மாறிப் பழையபடி ஆயிற்று. அப்பாவின் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தபோது அழாதவளுக்கு அப்போது அழுகை வந்தது. விழுங்கிவிட்டு, அரிசி கொடுத்த வீட்டில் எப்படி நகர்வாளோ அப்படியே நகர்ந்தாள். பின்னால் வந்த ஏழு பேரும் நகர்ந்தார்கள்.

எதிர்வாடையில் டோ செயின் பு செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மண்டியிட்டிருந்தாள். ஒரு கிண்ணி அரிசி வைத்திருந்தாள், அதில் எட்டுத் தட்டுக்கும் எட்டுக் கரண்டி. முதல் கரண்டி சுசாரியின் தட்டில் விழுந்தது. சுசாரி அவளுக்காக ஓதிவிட்டுப் புண்ணியத்தைப் பங்கு வைத்தாள். அதில் முதலில் வருவது பெற்றவர்கள்தான். "என்னைப் பெற்ற தாய்க்கும் தந்தைக்கும் இந்தப் புண்ணியம் போய்ச் சேரட்டும்" என்று சொல்வது தெரு முழுக்கக் கேட்டது. அப்படி ஒரு கரண்டி அரிசியின் புண்ணியம், தெருவைத் தாண்டி இரண்டு மாடி மடம் கட்டினவர் வீட்டுக்கு வந்தது. சாது என்று வாய் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

ஊ ஓன் ஷ்வே மூன்று தரம் சாது சொன்னார். ஊ பான் ஞோ வாயைத் திறக்கவில்லை.

"என்ன ஒரு கணீர்க் குரல்" என்றார் ஊ ஓன் ஷ்வே. "இப்படி ஒரு பிள்ளையைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க. யார் வீட்டுப் பொண்ணுங்க அது, இந்த ஊரா?"

"யாரோ. தெரியலை" என்றார் ஊ பான் ஞோ.

உள்வாசலில் டோ லா யின் அரிசிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முன்னறைக்கு வந்து விருந்தாளியைப் பார்த்து மரியாதையாகவே பேசினாள்.

"பெத்தவ நான்தாங்க. அப்பா யாருன்னு அவர்கிட்டயே கேட்டுட்டீங்க. தெரியாதுன்னு சொல்லிட்டார்."

ஊ ஓன் ஷ்வே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஊ பான் ஞோ, "லா யின்" என்று மட்டும் சொன்னார். அவள் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். வரிசை அதற்குள் நாலு வீடு தாண்டியிருந்தது. "சயாலே, கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே அரிசிக் கிண்ணத்தோடு ஓடினாள்.